மூன்று வேளை என்று எழுதிய சீட்டு

கம்பவுண்டராக இருந்த காலத்தில் மருந்துப் பொட்டலங்களுக்கு நான் எழுதிய சீட்டுகளுக்குக் கணக்கில்லை. அவற்றில் ஒன்று மட்டும் எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. ‘வேளைக்கு இரண்டு. மூன்று வேளை. சாப்பாட்டுக்குப் பின்.’ அதில் பிழை எதுவும் கிடையாது. டாக்டர் எழுதித் தந்ததைத்தான் தமிழில் எழுதினேன். ஆனாலும் அந்தச் சீட்டோடு போன மாத்திரையால் ஒரு பெண் சாகக் கிடந்தாள்.

போன மாதம், எங்கள் பழைய டிஸ்பென்சரியில் இப்போது வேலை பார்க்கும் பெண்கள் இரண்டு பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். மாத்திரைகள் இப்போது கம்பெனியிலிருந்தே காகிதத்தில் ஒட்டி வருகின்றன, வலி மாத்திரை வெற்றிலை பாக்குக் கடையில்கூடக் கிடைக்கிறது, கத்தரித்துக் கொடுப்பதைத் தவிர எங்களுக்கு என்ன வேலை இருக்கிறது என்று சலித்துக்கொண்டார்கள். பதில் சொல்லத் தொடங்கினேன். பாதி சொல்வதற்குள் அவர்களுக்கு பஸ் நேரம் ஆகிவிட்டது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது சாந்தோம். அப்பா தையல்காரர், மாதா கோயில் சாமியார்களுக்கு அங்கி தைப்பார். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் எட்டாவது முடித்தேன். பெண்களுக்கும் கம்பவுண்டர் பயிற்சி உண்டு என்று அங்கேதான் யாரோ சொன்னார்கள். இரண்டு வருஷம் தராசும் மருந்து அரைக்கும் கல்வமுமாகப் போயிற்று. கடைசிப் பரீட்சையில், வேண்டுமென்றே அளவு தப்பாக எழுதிய சீட்டு ஒன்றைக் கொடுத்து மருந்து கலக்கச் சொன்னார்கள். கலக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்ற மூன்று பேரில் நானும் ஒருத்தி. தேறிவிட்டேன். அதோடு எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மயிலாப்பூரில், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்று தர்மத்துக்கு நடந்த ஒரு டிஸ்பென்சரியில் வேலை கிடைத்தது. இருபதுகளின் கடைசி. டாக்டர் தேவகியம்மாள் பாலக்காட்டுப் பக்கத்துக்காரர், அப்போது நாற்பது வயது இருக்கும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. நோயாளியைப் பற்றி நாம் எதைச் சொன்னாலும், “கண்ணால் பார்த்ததா, யாராவது சொன்னதா?” என்று கேட்பார். பார்த்தது என்றால் ஒரு பக்கம், கேட்டது என்றால் இன்னொரு பக்கம் என்று நோட்டில் பிரித்து எழுதுவார். தாம் எழுதியது தவறு என்று தெரிந்தால் அழிக்க மாட்டார். ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் தம் கையெழுத்தைப் போடுவார். தவறு இருந்த இடம் தெரிய வேண்டும் என்பார்.

வலிக்கும் வீக்கத்துக்கும் அப்போது எங்களிடம் இரண்டு மருந்துகள் இருந்தன. ஒன்று சாலிசிலேட் மிக்ஸ்சர். குமட்டுகிற தித்திப்பு, பாதிப் பேர் வீட்டுக்குப் போகிற வழியிலேயே கொட்டிவிடுவார்கள். இன்னொன்று ஆஸ்பிரின் மாத்திரை, ஐந்து கிரெயின் அளவு. பெரிய கண்ணாடி பாட்டிலில் வரும். காலையில் முதல் வேலையாக டாக்டர் அந்த பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்ப்பார். கடற்காற்றின் ஈரம் பட்டால் ஆஸ்பிரின் கெட்டுப்போகும், கெட்டால் காடி வாசனை அடிக்கும். லேசாக அடித்தாலும் முழு பாட்டிலையும் கொட்டச் சொல்லிவிடுவார். நான் ஒரு வெள்ளைப் பீங்கான் ஓட்டின் மேல் மாத்திரைகளைப் பரப்பி, தட்டையான கத்தியால் இரண்டிரண்டாகத் தள்ளி எண்ணுவேன். மடித்த காகிதத்தில் போட்டு, சீட்டை ஒட்டி, வாசித்துக் காட்டிக் கொடுப்பேன். அது நல்ல முறை என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

மாம்பலம் ஏரியைத் தூர்த்து மனை பிரித்து, புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த நேரம் அது. கல் சுமக்கிற, சுண்ணாம்பு சுமக்கிற பெண்கள் எங்கள் டிஸ்பென்சரிக்கு நிறைய வருவார்கள். கன்னியம்மா அவர்களில் ஒருத்தி. முப்பத்தைந்து வயது சொல்லலாம். மயிலாப்பூரில் கால்வாய்க் கரையில் குடிசை. விடியும்போது கிளம்பி மாம்பலத்துக்கு நடந்து போய், ஒரு வக்கீல் கட்டிக்கொண்டிருந்த மாடி வீட்டில் சித்தாள் வேலை செய்தாள். தலையில் செங்கல்லோடு சாரத்தில் ஏறி ஏறி வலது முழங்கால் பந்து மாதிரி வீங்கியிருந்தது.

டாக்டர் முழங்காலை அழுத்திப் பார்த்தார், காய்ச்சல் உண்டா என்று விசாரித்தார், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். பிறகு ஒரு வாரத்துக்கு ஆஸ்பிரின் எழுதினார். நான் எண்ணி மடித்து, சீட்டை ஒட்டி, வாசித்துக் காட்டினேன்.

“மூணு வாட்டியாம்மா?” என்று கேட்டாள்.

“ஆமாம். ஒவ்வொரு வேளையும் சாப்பிட்ட பிறகு.”

அவள் சிரித்தாள். பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள். ஏன் சிரித்தாள் என்று நான் கேட்கவில்லை. வரிசையில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் வந்தாள். வீக்கம் வற்றியிருந்தது, வேலைக்குப் போய்க்கினுதான் கீறேன் என்று சந்தோஷமாகச் சொன்னாள். வலி இன்னும் கொஞ்சம் இருப்பதாகச் சொன்னதால் டாக்டர் இன்னொரு வாரத்துக்கு எழுதினார். மருந்து வாங்கும்போது என்னிடம், காதில் வண்டு கத்துகிற மாதிரி இருக்கிறது என்றாள். ஜல்லி உடைக்கிற சத்தத்தில் நாள் முழுக்க நிற்கிறாய், வேறெப்படி இருக்கும் என்று சொல்லி அனுப்பினேன். இந்த மருந்து உடம்பில் மிஞ்சினால் காது இரையும் என்று பாடத்தில் படித்தவள்தான் நான். பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன்.

அந்த இரண்டாவது வாரம் முடிவதற்கு முன்பே ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு அவளை ரிக்‌ஷாவில் போட்டுக் கொண்டு வந்தார்கள். கூட வேலை செய்யும் பச்சையம்மா அவள் தலையை மடியில் தாங்கிக்கொண்டிருந்தாள். மேல்மாடிக்குக் கல் கொண்டுபோனவள் பாதி ஏணியில் உட்கார்ந்துவிட்டாளாம். இறக்கிவிட்டதும் வாந்தி எடுத்திருக்கிறாள். பச்சையம்மாவின் சேலையில் அது பட்டிருந்தது. காப்பித்தூளைக் கரைத்துக் கொட்டியது போல் இருந்தது. வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் அப்படித்தான் இருக்கும்.

டாக்டர் தம் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்து நாடி பார்த்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், வெளுத்துப் போயிருந்தது. வெளிக்குப் போவது கறுப்பாக இருக்கிறதா என்று கேட்டார். கன்னியம்மாவால் பேச முடியவில்லை. பச்சையம்மாதான் சொன்னாள். “ரெண்டு நாளா தார் மாதிரி போவுதுன்னாம்மா. முருங்கக் கீரை துன்னதால இருக்கும்னு நான்தான் சொன்னேன்.”

கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் இரண்டு செங்கல்லை வைத்து உயர்த்தச் சொன்னார். வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடக்கூடாது என்றார். ஐஸ் வாங்கிவரச் செய்து துணியில் சுற்றி வயிற்றின் மேல் வைத்தோம். மார்பியா ஊசி போட்டார். எங்களிடம் படுக்கை வசதி இல்லை. அசைத்துக் கொண்டுபோகலாம் என்று நாடி சொல்கிறவரை காத்திருந்தார். அது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் என்னைக் கூப்பிட்டு நோட்டை எடுத்துவரச் சொல்லி ஒவ்வொரு வரியாகக் கேட்டார்.

“நாம் கொடுத்ததில் வயிறு இப்படி ஆகக்கூடும். ஆனால் இவ்வளவு சீக்கிரமா? வேறு ஏதாவது சொன்னாளா?”

காது இரைந்ததைச் சொன்னேன்.

“அதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?”

வேலை செய்யும் இடத்துச் சத்தம் என்று நினைத்தேன் என்றேன்.

“நினைப்பதை நான் செய்கிறேன். நீ கேட்டதை அப்படியே கொண்டுவந்து கொடு.” அவ்வளவுதான் சொன்னார். கோபம் இல்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பிறகு, அவள் வேறு எதையோ சேர்த்துச் சாப்பிட்டிருக்கிறாள், அது என்ன என்று அவள் வேலை செய்யும் இடத்துக்குப் போய்ப் பார்த்துக்கொண்டு வா என்றார். கேட்டுக்கொண்டு வா என்று சொல்லவில்லை. கன்னியம்மாவை வண்டியில் ஏற்றி அவரே கூட உட்கார்ந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்.

நான் பச்சையம்மாவோடு மாம்பலத்துக்கு நடந்தேன். நல்ல வெயில். வழியில் அவளிடம் கேட்டேன், கன்னியம்மா மாத்திரையை எப்படிச் சாப்பிட்டாள் என்று.

“நீ சொன்னாப்பலதாம்மா. காலீல ரெண்டு, மத்தியானம் ரெண்டு, ராத்திரி ரெண்டு.”

“சாப்பிட்ட பிறகுதானே?”

பச்சையம்மா நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். “இன்னாம்மா பேசற. விடியச்சொல்லோ கெளம்பறோம், எப்ப ஒல வைக்கறது? மத்தியானம் வெத்தலதான். ராத்திரி போய்த்தான் சோறு. ஒரு வேள துன்றவகிட்ட மூணு வேள துன்னுட்டு மருந்து போடுன்னா அவ இன்னா செய்வா? மூணு வாட்டின்னு மட்டும் காதுல வாங்கிக்கினா.”

அவள் சிரித்தது எதற்கென்று அப்போது தெரிந்தது.

வக்கீல் வீடு பாதி எழும்பியிருந்தது. ஒரு பக்கம் மாடு சுற்றி வந்து சுண்ணாம்பு அரைத்துக்கொண்டிருந்தது. மேஸ்திரி ஏகாம்பரம் என்பவர் நிழலில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது, கனத்த உடம்பு, முண்டாசு. நான் யார் என்று சொன்னதும், ஆஸ்பத்திரி ஆளுக்கு இங்கே என்ன வேலை என்றார். கன்னியம்மாவுக்கு இங்கே யாராவது ஏதாவது மருந்து கொடுத்தார்களா என்று கேட்டேன். இல்லை என்றார். பச்சையம்மா என் பின்னாலிருந்து, அந்தப் பொடியைக் காட்டு நைனா என்றாள்.

அவர் மறைக்க நினைத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அதை மருந்தென்றே அவர் நினைத்திருக்கவில்லை. ஒரு தகர டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே மடித்து மடித்து அடுக்கிய சிறு பொட்டலங்கள், வெள்ளைப் பொடி. தலைவலிக்கும் உடம்பு வலிக்கும் என்று பட்டணத்துக் கடையில் விற்பது. மத்தியானத்துக்கு மேல் யாராவது நடை தளர்ந்தால் ஒன்று எடுத்துக் கொடுப்பார். அரை மணியில் எழுந்து வேலை செய்வார்கள். கன்னியம்மாவுக்குத் தினமும் இரண்டு கொடுத்ததாகச் சொன்னார். தைக்குள் கிரகப்பிரவேசம், வேலை முடிய வேண்டும்.

“நானே டெய்லி ரெண்டு போடறேன். எனக்கு இன்னா ஆச்சு? கல்லு மாதிரி கீறேன்.”

இரண்டு பொட்டலம் கொடுங்கள், பரிசோதித்துப் பார்க்க வேண்டும் என்றேன். கொடுக்க முடியாது, போ என்றார். நான் போகவில்லை. மாடு சுற்றுகிற பாதைக்கு ஓரமாக, வெயிலில் நின்றேன். சித்தாள்கள் கூடையோடு என்னைத் தாண்டிப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். ஒவ்வொருத்தியும் ஒரு தடவை என்னைப் பார்த்தாள், ஒரு தடவை மேஸ்திரியைப் பார்த்தாள். கடைசியில் அவரே எழுந்து வந்து இரண்டு பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் டாக்டர் திரும்பி வந்தார். கன்னியம்மா உயிரோடு இருக்கிறாள், ரத்தம் கசிவது குறைந்திருக்கிறது, இன்னும் சொல்ல முடியாது என்றார். முகம்கூடக் கழுவாமல் மருந்து மேஜைக்கு வந்தார். இரண்டு பரிசோதனைக் குழாய்கள் எடுத்துவைத்தோம். ஒன்றில் மேஸ்திரியின் பொடி. மற்றதில் எங்கள் பாட்டிலிலிருந்து ஒரு மாத்திரையைப் பொடித்துப் போட்டேன். இரண்டிலும் கொஞ்சம் தண்ணீரும் சலவைச் சோடாவும் சேர்த்து, ஸ்பிரிட் விளக்கில் காட்டிக் கொதிக்கவிட்டோம். ஆறியதும் பொங்குவது அடங்கும்வரை சொட்டுச் சொட்டாக அமிலம் விட்டோம். பிறகு, ரத்தசோகைக்காக அலமாரியில் வைத்திருந்த இரும்புத் திராவகத்தில் ஒவ்வொரு சொட்டு. இரண்டு குழாயிலும் கத்திரிப்பூ நிறம் எழுந்தது. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம். எது எங்களுடையது, எது மேஸ்திரியுடையது என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

வேறு பெயரில், வேறு உருவத்தில், அதே மருந்து. நாங்கள் கொடுத்தது ஒரு பங்கு, அவர் கொடுத்தது இன்னொரு பங்கு, பெரும்பாலும் வெறும் வயிற்றில்.

பச்சையம்மா சொன்னதையும் சொன்னேன். கேட்டதா, பார்த்ததா என்று டாக்டர் கேட்கவில்லை. கன்னியம்மாவின் பக்கத்தை எடுத்தார். ‘மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின்’ என்று தாம் இங்கிலீஷில் எழுதியிருந்ததன் மேல் ஒரு கோடு கிழித்தார். பக்கத்தில், ‘நோயாளி ஒரு நாளைக்கு எத்தனை முறை சாப்பிடுகிறாள் என்று கேட்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை என் பக்கம் நீட்டினார். அதன் கீழே, ‘காது இரைச்சலை டாக்டரிடம் சொல்லவில்லை’ என்று எழுதி நானும் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். கன்னியம்மா கரண்டியால் பால் குடிக்கிற நிலைக்கு வந்திருந்தாள். தப்பு என் மேல்தான் என்று அவளிடம் சொல்லவே போனேன். சொன்னேன்.

“நோவு கொறஞ்சு பத்து நாளு ஏணி ஏறினேம்மா. அது போதும்னு இருந்திச்சு,” என்றாள். பிறகு, “எங்கூட வேல செய்றவளுங்க இன்னும் அந்தப் பொடியத் துன்னுகினுதான் கீறாளுங்க. அவளுங்களுக்குப் போய்ச் சொல்லு,” என்றாள்.

டாக்டர் வக்கீலுக்கு இரண்டு கடிதம் எழுதினார், பதில் இல்லை. எங்கள் டிஸ்பென்சரி காலை பதினொன்றுக்கு மூடி மூன்றுக்குத் திறக்கும். அந்த இடைவெளியில் நான் மாம்பலத்துக்குப் போகத் தொடங்கினேன். முதல் நாள் மேஸ்திரி என்னைக் கேட்டிலேயே நிறுத்தினார். இரண்டாவது நாளும் அப்படித்தான். மூன்றாவது நாள் இரண்டு குழாய்களையும் திராவகத்தையும் ஒரு கூடையில் எடுத்துப் போனேன். கேட்டுக்கு வெளியே ஒரு கல்லின்மேல் வைத்து, கொதிக்கவைத்துக் கொண்டுபோயிருந்த இரண்டு கரைசலிலும் சொட்டு விட்டுக் காட்டினேன். நிறத்தைப் பார்க்கப் பெண்கள் கூடிவிட்டார்கள்.

மேஸ்திரி வந்து கலைந்து போகச் சொன்னார். பச்சையம்மா தலையிலிருந்த கூடையை இறக்கி வைத்தாள்.

“அந்தம்மா பேசி முடிக்கட்டும். கல்லு ஓடியா போவுது?”

இன்னொருத்தி இறக்கினாள். பிறகு இன்னொருத்தி. கடைசியாக நின்றவளும் இறக்கிவிட்டாள். மாடு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

எனக்குத் தெரிந்த பேச்சில் சொன்னேன். ஆஸ்பத்திரி மாத்திரையும் இந்தப் பொடியும் ஒன்றுதான், இரண்டையும் சேர்த்துத் தின்றால் வயிறு புண்ணாகி ரத்தம் வரும். வெறும் வயிற்றில் ஒருபோதும் போடக்கூடாது. முன்பே வயிற்றெரிச்சல் உள்ளவள் தொடவே கூடாது, மூச்சு இழுப்பு உள்ளவளும், வயிற்றில் பிள்ளை உள்ளவளும் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது. காது இரைந்தால், வெளிக்குக் கறுப்பாகப் போனால், அன்றைக்கே நிறுத்திவிட்டு ஓடி வரவேண்டும். ஒருத்தி கேட்டாள், “அப்ப நோவுக்கு இன்னா செய்றது?” நல்ல கேள்வி. அதற்கு என்னிடம் இருந்த பதில் சின்னது. வீங்கின காலோடு ஏணி ஏறாதே, இரண்டு நாள் கீழேயே வேலை கேள், செங்கல்லைச் சுடவைத்துத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடு என்றேன். மேஸ்திரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

அந்தப் பெண்கள் என்னைவிடக் கெட்டிக்காரிகள். மறுநாள் அவர்களே பேசி வைத்துக்கொண்டு, கஞ்சி குடிக்காமல் கூடையைத் தொடமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு நாள் வேலை நின்றது. மூன்றாவது நாள், காலையில் வந்ததும் அரை மணி நேரம் அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சிக்கொள்ள மேஸ்திரி ஒத்துக்கொண்டார். அது என் சாதனை என்று யாராவது சொன்னால் நான் மறுத்துவிடுவேன்.

சோறுதான் எல்லாம் என்று அப்போது எனக்கு ஒரு எண்ணம் வந்துவிட்டது. வயிறு நிறைந்திருந்தால் இந்த மருந்து யாரையும் ஒன்றும் செய்யாது என்று வருகிறவர்களிடம் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை உடைத்தவர் அதே ஏகாம்பரம் மேஸ்திரி.

ஒரு மாதம் கழித்து, மத்தியானம் நாங்கள் கதவு திறக்கிற நேரத்தில், அவர் எங்கள் வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆண்களுக்கு இங்கே பார்ப்பதில்லை என்று எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். உதடு வெளுத்திருந்தது.

“கறுப்பாப் போனா வரச் சொன்னியேம்மா. மூணு நாளா போவுது.”

டாக்டர் வெளியே வந்து, வராந்தாவிலேயே ஒரு ஸ்டூலைப் போடச் சொல்லி உட்கார வைத்துப் பார்த்தார். எத்தனை நாளாக அந்தப் பொடி சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். முதுகு வலிக்காக இரண்டு வருஷமாக என்றார். சாப்பாடு? மூன்று வேளையும் குறைவில்லை. டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எல்லாரிடமும் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது அவர் காதுக்கும் போயிருந்தது.

“சாப்பிட்டுவிட்டுப் போட்டால் எரிச்சல் குறையும். ஆபத்து இல்லாமல் போகாது. எவ்வளவு, எத்தனை நாள், அதையும் கேட்க வேண்டும்,” என்றார். அன்றைக்கே ஒரு சீட்டு எழுதி அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அவர் பிழைத்தார். தேறி வந்தபின் ஒரு நாள் அந்தத் தகர டப்பாவைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் எங்கள் வேலை மாறியது. வலி மாத்திரையை ஒரு வாரத்துக்குக் கொடுப்பதை நிறுத்தினோம், மூன்று நாளுக்குத்தான். குறைந்த அளவில் தொடங்கினோம். மூன்று வேளை என்று எழுதுவதற்கு முன்னால், அவள் எப்போது உலை வைக்கிறாள் என்று கேட்டு, அந்த நேரத்தைச் சொல்லியே எழுதினேன். ‘ராத்திரி சோற்றுக்குப் பின் இரண்டு. காலைக் கஞ்சிக்குப் பின் ஒன்று.’ வேறு எங்காவது எந்தப் பொடியாவது, மாத்திரையாவது வாங்கினால் பொட்டலத்தோடு கொண்டுவரச் சொன்னோம். சீட்டு எழுதி முடிக்க முன்னைவிட இரண்டு மடங்கு நேரம் ஆயிற்று. வரிசை தெருவரை நீண்டது. நிர்வாகக் கமிட்டியார் மந்தமாக வேலை நடக்கிறது என்று குறைப்பட்டார்கள். டாக்டர் பரிசோதனைக் குழாய்களை அவர்கள் மேஜைமேல் கொண்டுபோய் வைத்து, இரண்டும் ஒரே நிறமாவதைக் காட்டினார்.

கன்னியம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது பாதி ஆளாக இருந்தாள். முழங்கால் பழையபடி வலித்தது. அந்த மருந்தை இனி அவள் ஆயுசுக்கும் தொடக்கூடாது. கல் சுமக்கவும் முடியாது. டிஸ்பென்சரியில் ஆயா வேலை காலியானபோது டாக்டர் அவளைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டார். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு நடுவே அவளும் உட்கார்ந்துகொள்வாள். என்னிடம் சொல்ல வெட்கப்படுவதை அவளிடம் சொல்வார்கள். என் ஜன்னலுக்கு வருவதற்குள் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

சில வருஷம் கழித்து நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். டாக்டர் ஊருக்குப் போயிருந்த வாரம். மாட வீதிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் குதிரை வண்டியில் வந்து இறங்கினார். அவர் வீட்டுக்காரர் எங்கள் கமிட்டியில் இருப்பவர். கை விரல் மூட்டெல்லாம் வீங்கியிருந்தது. டாக்டர் எப்போதோ எழுதிக் கொடுத்த பழைய சீட்டை நீட்டி, இதே மாத்திரை ஐம்பது வேண்டும் என்றார்.

பெஞ்சிலிருந்து கன்னியம்மா கேட்டாள். “காலீல இன்னாம்மா சாப்ட்ட? வேற எங்கியாச்சும் மாத்திர வாங்கிப் போடறியா?”

அந்த அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. “ஆயாகிட்டயெல்லாம் நேக்குப் பதில் சொல்லிண்டு நிக்க முடியாது. நீ எடுத்துக் குடு,” என்று என்னிடம் சொன்னார்.

கன்னியம்மா கேட்டதற்குப் பதில் சொன்னால்தான் நான் பாட்டிலைத் திறக்க முடியும் என்றேன். ஆத்துல அவரிடம் சொல்லி உன்னை வேலையை விட்டே எடுக்கச் சொல்கிறேன் என்றார். நான் ஒரு காகிதத்தையும் பேனாவையும் எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினேன்.

“எழுதிக் கொடுங்கள், அம்மா. மருந்து கேட்டேன், சாப்பிட்டாயா என்று கேட்டாள், சொல்லவில்லை, அதனால் கொடுக்கவில்லை என்று எழுதுங்கள். நானும் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.”

அவர் பேனாவை வாங்கவில்லை. பிறகு இடுப்புப் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தார். மவுண்ட் ரோட்டுக் கடையில் வாங்கியது, வேறு பெயர். மூடியைத் திறந்து ஒன்றை எடுத்துச் சோடாவில் கொதிக்கவைத்துச் சோதித்தேன். கத்திரிப்பூ நிறம் வந்தது.

“விடியக்காலம்பற ரெண்டு போட்டுண்டேன்,” என்றார், குரல் இறங்கிப்போய். “இன்னிக்கு ஏகாதசி. மாத்திரைக்குக் குடிச்ச ரெண்டு முழுங்கு ஜலம்தான் உள்ள போயிருக்கு. நாலு நாளா நெஞ்சுக்குக் கீழ எரியறது.”

எங்கள் பாட்டிலை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். டாக்டர் திங்கட்கிழமை வருவார், அதுவரை உங்கள் பாட்டிலும் இங்கேயே இருக்கட்டும், எரிச்சல் கூடினாலோ கறுப்பாகப் போனாலோ திங்கட்கிழமைக்குக் காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்றேன். அவர் தலையசைத்தார். கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்றார்.

கன்னியம்மா பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.